அத்தியாயம் 6: டிஸ்க் மிரரிங்கை எதுவரை நம்பலாம்?

மெயின்ஃபிரேம் நடத்தும் ஒரு பாங்கிலோ இன்ஷூரன்ஸ் ஸ்தாபனத்திலோ பேரிடர் மீட்புத் திட்டத்தைப் பற்றி விசாரித்தால், "எங்கள் டிஸ்குகள் அத்தனையும் இன்னொரு டேட்டா சென்டருக்கு மிரர் ஆகிக்கொண்டிருக்கின்றன" என்ற பதில்தான் அநேகமாக முதலில் வரும். பதில் உண்மையானதுதான். ஆனால் எந்த விபத்துக்கு அது பரிகாரம், எந்த விபத்துக்கு அது பரிகாரமாகாது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்களே விபத்து நேர்ந்த இரவில் கை நடுங்காமல் காரியம் செய்ய முடியும். உங்கள் ஸ்தாபனத்தின் மிரரிங் ஏற்பாட்டை நீங்களே சோதித்து, அதன் எல்லைகளை எழுதி வைத்து, அந்த எல்லைகளுக்கு அப்பால் வேண்டியவற்றை வரிசையாகச் செய்து முடிப்பதற்கு வழி சொல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

அத்தியாயம் முழுவதற்கும் ஆதாரமான கருத்து ஒன்றே. டிஸ்கின் இந்தக் கணத்து நிலையை மிரரிங் இன்னோரிடத்தில் வைத்திருக்கிறது; நேற்றைய நிலையைப் பத்திரப்படுத்துவதும், இருக்கும் பிரதியைக் கொண்டு வேலையை மறுபடி தொடங்குவதும் அதன் காரியமல்ல, உங்கள் காரியம்.

## தொடங்குமுன் தெரிய வேண்டியது

மிரரிங் இருவகைப்படும். சிங்க்ரனஸ் முறையில், புரோகிராம் எழுதுகிற ஒவ்வொன்றும் இரண்டாவது இடத்திலுள்ள டிஸ்கிலும் சேர்ந்த பிறகே "எழுதியாயிற்று" என்ற பதில் புரோகிராமுக்குக் கிடைக்கும். பழைய பெயரில் பி.பி.ஆர்.சி. என்றும் இன்று மெட்ரோ மிரர் என்றும் ஐ.பி.எம். அழைப்பது இவ்வகை, ஈ.எம்.சி.யின் எஸ்.ஆர்.டி.எஃப். சிங்க்ரனஸ் முறையும் ஹிட்டாச்சியின் ட்ரூகாப்பியும் இவ்வகையே. அசிங்க்ரனஸ் முறையில், உள்ளூர் டிஸ்கில் பதிந்த உடனே பதில் கிடைத்துவிடும்; தொலைதூரப் பிரதி சில வினாடிகள் பின்தங்கி வந்துகொண்டிருக்கும். குளோபல் மிரரும் எக்ஸ்.ஆர்.சி.யும் இந்த இரண்டாம் வகை.

மீட்பை அளக்க இரண்டு அளவுகள் உண்டு. எவ்வளவு நேரத்து டேட்டாவை இழக்கலாம் என்பது ஆர்.பி.ஓ.; எவ்வளவு நேரத்துக்குள் வேலை மறுபடி தொடங்க வேண்டும் என்பது ஆர்.டி.ஓ. மிரரிங் நேராக உறுதி கூறுவது முதலாவதற்கு மட்டுமே. இரண்டாவது அளவு, டிஸ்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பொறுத்தது.

## ஐந்து எல்லைகள்

### 1. தூரம்

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே ஒரு கிலோமீட்டர் தூரம் போய்த் திரும்ப 10 மைக்ரோ செகண்டும், 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப 1 மில்லி செகண்டும் ஆகும். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இரவு நேர பாட்ச் ஜாப் ஒன்று, ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்ற ரீதியில் 1 கோடி முறை எழுதுமானால், அந்த ஒரு மில்லி செகண்ட் 10,000 செகண்டாக, அதாவது ஏறக்குறைய 2 மணி 47 நிமிஷமாகப் பெருகிவிடும். காலை 6 மணிக்கு முடிய வேண்டிய பாட்ச், கிளைகள் கதவைத் திறக்கும் வேளை நெருங்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

மெட்ரோ மிரருக்கு ஐ.பி.எம். வழக்கமாக ஆதரிக்கும் தூரம் 300 கிலோமீட்டர். நடைமுறையில் பாட்ச் வேலையின் தன்மை அதைவிட மிகக் குறைந்த தூரத்திலேயே எல்லை கட்டிவிடும். மறுபுறம், இரண்டு சென்டர்களும் அருகருகே இருந்தால் ஒரே வெள்ளமோ ஒரே மின்தடையோ இரண்டையும் சேர்த்து வீழ்த்தும். 2001 செப்டம்பர் 11க்குப் பின், அமெரிக்க நிதித்துறைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் 2003 ஏப்ரலில் கூட்டாக வெளியிட்ட நெறிமுறை, மாற்று இடமானது முதல் இடத்தின் போக்குவரத்து, தொலைத்தொடர்பு, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றைச் சார்ந்திருக்கக் கூடாது என்றது. முதல் இடத்து ஊழியர்கள் வர முடியாமற்போனாலும் மாற்று இடம் இயங்க வேண்டும் என்றது. ஒரு பைட் கூட இழக்கக் கூடாது என்ற ஆசையும், வெகுதூரம் விலகியிருக்க வேண்டும் என்ற அவசியமும் ஒரே ஜோடி டிஸ்குகளில் நிறைவேற மாட்டா.

### 2. பிழையும் பிரதியாகும்

முதலாளி சொன்ன ஒவ்வொரு தொகையையும் அப்படியே இரண்டாம் பேரேட்டில் எழுதிவிடுகிற விசுவாசமான கணக்குப்பிள்ளை, தவறான தொகையையும் அதே விசுவாசத்தோடு எழுதிவிடுவார். மிரரிங்கும் அப்படியே. தவறான புரோகிராம் ஒரு கோப்பைக் கெடுத்தாலும், நிர்வாகி ஒருவர் தவறான வால்யூமை அழித்தாலும், துஷ்ட எண்ணம் கொண்டவர் வேண்டுமென்றே சிதைத்தாலும், சிங்க்ரனஸ் முறையில் அதே கணத்திலும் அசிங்க்ரனஸ் முறையில் சில வினாடிகளிலும் அந்தச் சிதைவு இரண்டாவது இடத்தைச் சேர்ந்துவிடும்.

2012 ஜூனில் பிரிட்டனின் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில், பாட்ச் ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். அதில் கோளாறு தெரிந்ததும் பழைய பதிப்புக்குத் திரும்ப முற்பட்டார்கள். புதியதும் பழையதும் பொருந்தாமற்போகவே, இரவு பாட்ச் குலைந்தது. அக்குழுமத்தைச் சேர்ந்த நாட்வெஸ்ட், அல்ஸ்டர் பாங்க் ஆகியவற்றின் வாடிக்கையாளர்களும் உட்பட, பிரிட்டனில் சுமார் 65 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 2014 நவம்பரில் இரண்டு கட்டுப்பாட்டு அமைப்புகள் சேர்ந்து விதித்த அபராதம் 5.6 கோடி பவுண்டு. எந்த டேட்டா சென்டரும் எரியவில்லை. எந்தக் கட்டடத்திலும் தண்ணீர் புகவில்லை. இம்மாதிரி விபத்தில் இரண்டாவது சென்டருக்கு மாறினால், அங்கேயும் அதே குலைந்த வரிசைதான் காத்திருக்கும்.

### 3. படிப்படியாகப் பரவும் விபத்து

தீ விபத்தில் எல்லாச் சாதனங்களும் ஒரே கணத்தில் நிற்பதில்லை. ஒரு கேபிள் முதலில் கருகும். சில வினாடிகள் கழித்து ஒரு டிஸ்க் சாதனம் நிற்கும். அதற்குப் பிறகே பிராசஸர் ஓயும். டி.பி.2 போன்ற மென்பொருள் முதலில் லாகில் எழுதி, அது பதிந்தது என்று அறிந்த பிறகே டேபிளில் எழுதுகிறது. லாக் இருக்கும் வால்யூமின் இணைப்பு முதலில் அறுந்து, டேபிள் இருக்கும் வால்யூம் மட்டும் இன்னும் ஐந்து வினாடி மிரர் ஆகிக்கொண்டிருந்தால், லாகுக்குத் தெரியாத மாற்றங்கள் டேபிளில் ஏறிய நிலையில் இரண்டாவது இடம் விடப்படும். அந்தப் பிரதி ஒவ்வொரு வால்யூமாகப் பார்த்தால் பழுதற்றது. மொத்தமாகப் பார்த்தால் நம்பத் தகாதது.

### 4. மறுபடி இணையும் நேரம்

இணைப்பு சிறிது நேரம் அறுந்து மீண்டும் கிடைத்ததும், இடைக்காலத்தில் மாறிய டிராக்குகளைச் சாதனம் அனுப்பத் தொடங்கும். எழுதப்பட்ட கால வரிசையைக் கவனித்து அது அனுப்புவதில்லை. ஆகவே இந்தச் சேர்க்கை முடியும் வரையில் இரண்டாவது இடத்துப் பிரதி எந்தக் கணத்தின் நிலையையும் குறிக்காது. அந்த நேரத்தில் முதல் இடம் வீழ்ந்தால் இரண்டு இடத்திலும் உபயோகமான பிரதி இல்லை. மிரரிங் நடத்துவோர் மிகச் சுலபமாக மறந்துபோவது இந்த எல்லையைத்தான்.

### 5. டிஸ்கில் இல்லாதவை

டேப்பில் உள்ளவை, கப்ளிங் ஃபெஸிலிட்டியின் நினைவகத்தில் உள்ளவை, கிரிப்டோ கார்டில் உள்ள மாஸ்டர் சாவி, பிராசஸரின் வரிசை எண்ணோடு கட்டப்பட்ட லைசென்ஸ், நெட்வொர்க் முகவரிகள், வேலை தெரிந்த மனிதர்கள்: இவற்றுள் எதையும் டிஸ்க் மிரரிங் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவதில்லை.

## செய்முறை: எட்டுப் படிகள்

படி 1. எந்த வால்யூம் மிரரில் இல்லை என்று கண்டுபிடியுங்கள்.
உற்பத்திச் சூழலில் ஆன்லைனில் உள்ள எல்லா வால்யூம்களின் பட்டியல் ஒன்றும், மிரர் ஜோடிகளின் பட்டியல் ஒன்றும் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சி.கொயரி கட்டளையை ஒவ்வொரு வால்யூமுக்கும் கொடுத்து நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். "டூப்ளெக்ஸ்" என்றிருந்தால் ஜோடி ஒத்திருக்கிறது. "பெண்டிங்" என்றால் சேர்க்கை இன்னும் முடியவில்லை. "சஸ்பெண்டட்" என்றால் பிரதி ஏதோ ஒரு பழைய கணத்தில் நின்றுபோயிருக்கிறது. "சிம்ப்ளெக்ஸ்" என்றால் ஜோடியே இல்லை. அவசரமாக ஸ்டோரேஜ் குரூப்பில் சேர்க்கப்பட்ட புதிய வால்யூம் சிம்ப்ளெக்ஸாகவே கிடப்பது சர்வசாதாரணம். அந்த ஒரு வால்யூமில் ஒரு யூசர் காடலாக் இருந்தால், அதன் கீழுள்ள ஆயிரக்கணக்கான டேட்டாசெட்டுகளும் மாற்று இடத்தில் பெயரற்றுப் போய்விடும்.

படி 2. மிரர் செய்யக் கூடாதவற்றையும் பிரித்து எழுதுங்கள்.
பேஜிங் டேட்டாசெட்டுகளை அனுப்புவதில் பிரயோஜனமில்லை. மாற்று இடத்தில் அவற்றைப் புதிதாக உருவாக்கி வைத்திருந்தால் போதும். சிஸ்பிளெக்ஸ் கப்ள் டேட்டாசெட்டுகளை சிங்க்ரனஸ் மிரரில் வைக்கக் கூடாது. ஃப்ரீஸ் (அடுத்த படியில் விளக்கப்படுவது) நிகழும்போது வால்யூம்களில் எழுதுவது தடைபடும். கப்ள் டேட்டாசெட்டும் அப்படித் தடைபட்டால், காப்பாற்ற வேண்டிய சிஸ்டமே ஸ்தம்பித்துவிடும். சிஸ்டம் லாகருக்கான கப்ள் டேட்டாசெட் மட்டும் இதற்கு விலக்கு. லாக் டேட்டாவோடு அதுவும் ஒரே கணத்தின் நிலையில் இருக்க வேண்டுமாதலால் அதை மிரரில் வைக்க வேண்டும்.

படி 3. ஒருமைக் குழுவையும் ஃப்ரீஸ் கொள்கையையும் தீர்மானியுங்கள்.
ஒன்றையொன்று சார்ந்து எழுதப்படும் எல்லா வால்யூம்களும் ஒரே ஒருமைக் குழுவில் இருக்க வேண்டும். டி.பி.2, ஐ.எம்.எஸ்., மெஸேஜ் க்யூ, சாதாரண வீசாம் கோப்பு ஆகிய நான்கையும் ஒரே பரிவர்த்தனை தொடுமானால் அந்த நான்கும் ஒரே குழு. குழுவில் ஒரு ஜோடி அறுந்தாலும் மற்றவை அதே கணத்தில் நிறுத்தப்படுவதே ஃப்ரீஸ். நிறுத்திய பிறகு என்ன செய்வது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு:

- நிறுத்திவிட்டுத் தொடர்வது: முதல் இடத்தில் வேலை நடக்கும், ஃப்ரீஸுக்குப் பிந்தைய பரிவர்த்தனைகள் மாற்று இடத்தில் இரா.
- நிறுத்திவிட்டு ஓய்வது: ஒன்றும் இழக்கப்படாது; ஆனால் ஒரு கேபிள் கோளாறுக்காக முழு பாங்கும் நிற்கும்.

இந்தத் தேர்வைத் தொழில்நுட்ப ஊழியர் தாமாகச் செய்துவிடக் கூடாது. விளைவைப் பாமர பாஷையில் எழுதி, வியாபாரத் தலைமையிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

படி 4. சேர்க்கைக்கு முன் ஒரு நிலைப்பிரதி எடுக்கப் பழகுங்கள்.
ஜோடிகள் சஸ்பெண்ட் ஆகி, மறுபடி இணைக்கும் முன், இரண்டாவது இடத்து வால்யூம்களை ஃப்ளாஷ்காப்பி செய்துவிடுங்கள். அது சில நிமிஷமோ சில மணியோ பழையதாக இருக்கலாம், ஆயினும் ஒருமையானது. அதற்குப் பிறகே சேர்க்கையைத் தொடங்குங்கள். இந்தப் பழக்கத்துக்கு வேண்டிய டிஸ்க் இடத்தை வாங்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

> குறிப்பு: ஃப்ளாஷ்காப்பியையும் சேர்க்கையையும் தனித்தனிக் கட்டளைகளாக ஆபரேட்டர் நினைவில் வைக்கச் சொல்லாதீர்கள். முதலாவது வெற்றியடைந்தால்தான் இரண்டாவது ஓடும்படி ஒரே ஸ்கிரிப்டாக எழுதிவிடுங்கள்.

படி 5. இறந்த காலத்துக்கு ஒரு களஞ்சியம் அமையுங்கள்.
இரண்டாம் எல்லைக்கு இதைத் தவிர வேறு பரிகாரமில்லை. ஐ.பி.எம். டி.எஸ்.8000 வகைச் சாதனங்களில் சேஃப்கார்டட் காப்பி என்ற வசதி, ஒரு வால்யூமுக்கு 500 வரையில் நிலைப்பிரதிகளைச் சாதாரண சர்வரால் தொட முடியாதபடி வைத்திருக்கும். மற்ற உற்பத்தியாளர்களிடமும் இதற்கு இணையானவை உண்டு. மணிக்கு ஒன்றாக ஒரு நாளுக்கு 24, நாளுக்கு ஒன்றாக ஒரு மாதத்துக்கு 30 என்று வைத்தால் 54 பிரதிகளிலேயே நல்ல ஆரம்பம் கிடைத்துவிடும். சிதைவு நிகழ்ந்த கணத்துக்கும் அது கண்டுபிடிக்கப்படும் கணத்துக்கும் இடையே நாட்கள் கழியலாம் என்பதால், நாள் பிரதிகளைச் சீக்கிரம் அழித்துவிடாதீர்கள்.

இந்தப் பிரதிகளை அழிக்கும் அதிகாரம் ஒரே மனிதரிடம் இருக்கக் கூடாது. உற்பத்தி டிஸ்குகளை நிர்வகிப்பவரும் களஞ்சியத்தை நிர்வகிப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும்.

படி 6. டேப்பையும் டிஸ்கையும் ஒரே காலத்துக்குக் கொண்டுவாருங்கள்.
ஹெச்.எஸ்.எம். வெகுநாளாகத் தொடாத டேட்டாசெட்டுகளை டேப்புக்கு அனுப்பிவிடும். காடலாகில் வால்யூம் பெயரின் இடத்தில் "மைக்ராட்" என்ற சொல் மட்டும் நிற்கும். மாற்று இடத்தில் காடலாக் பூரணமாக வந்து சேர்ந்திருக்கும், மாத இறுதி ஜாப் அந்த டேட்டாசெட்டைக் கேட்கும், ஹெச்.எஸ்.எம். ஒரு டேப் எண்ணைக் கேட்டுக் காத்து நிற்கும். அந்த டேப்போ விபத்து நேர்ந்த கட்டடத்துக்குள் இருக்கும். டி.எஸ்.7700 போன்ற வர்ச்சுவல் டேப் சாதனங்கள் கிரிட் முறையில் இன்னொரு இடத்துக்குப் பிரதி அனுப்பும் என்பது மெய்யே. ஆனால் அந்தப் பிரதி உடனுக்குடன் போகிறதா, பின்னர் போகிறதா என்பது நீங்கள் கொடுத்த கொள்கையைப் பொறுத்தது. டிஸ்க் இந்தக் கணத்திலும் டேப் இரண்டு மணி பின்னாலும் இருந்தால், காடலாக் "இருக்கிறது" என்று சொல்லும் கோப்பு டேப்பில் இராது. எந்த ஜாப்களின் டேப்புகள் மீட்புக்கு இன்றியமையாதவை என்று பட்டியலிட்டு, அவற்றுக்கு உடனடிப் பிரதிக் கொள்கையைக் கொடுங்கள்.

படி 7. சாவியும் லைசென்ஸும்.
டேட்டாசெட்டுகளை என்க்ரிப்ட் செய்திருந்தால், டேட்டா சாவிகள் அடங்கிய சி.கே.டி.எஸ். கோப்பு மிரரில் வந்துவிடும். அந்தச் சாவிகளைத் திறக்கும் மாஸ்டர் சாவி கிரிப்டோ கார்டுக்குள் இருப்பதால், அது வராது. மாற்று இடத்துக் கார்டில் அதே மாஸ்டர் சாவியை முன்கூட்டியே ஏற்றி வையுங்கள். முதல் இடத்தில் மாஸ்டர் சாவி மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் மாற்று இடத்திலும் மாற்றப்பட வேண்டும். சாவியின் பாகங்களை வைத்திருக்கும் உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் ஒரே ஊரில் வசித்தால், அந்த ஊருக்கு வரும் விபத்து சாவியையும் எடுத்துக்கொண்டு போகும்.

அதேபோல், ஸார்ட், ஷெட்யூலர், டேப் நிர்வாகம் முதலிய வெளி நிறுவன மென்பொருள்கள் பல, பிராசஸர் வரிசை எண்ணைப் பார்த்தே ஓடுகின்றன. மாற்று இடத்து வரிசை எண்ணுக்கான லைசென்ஸ் கோடுகளை எழுத்துமூலம் வாங்கி, மிரர் ஆகும் ஒரு பாராம் லைப்ரரியிலேயே சேர்த்துவிடுங்கள்.

படி 8. ஒத்திகையில் டேட்டாபேஸைத் தொடங்கிப் பாருங்கள்.
மிரரைத் தொந்தரவு செய்யாமல், இரண்டாவது இடத்துப் பிரதியிலிருந்து ஃப்ளாஷ்காப்பி எடுத்து, தனிமைப்படுத்தப்பட்ட எல்.பார் ஒன்றில் ஐ.பி.எல். செய்யுங்கள். அந்த எல்.பார், உற்பத்தி நெட்வொர்க்கை எட்டாதபடி துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்.

டி.பி.2 டேட்டா ஷேரிங் குழுவாக இருந்தால், தொடங்குமுன் கப்ளிங் ஃபெஸிலிட்டியில் அந்தக் குழுவின் பழைய அமைப்புகள் எஞ்சியிருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் செட்.எக்ஸ்.சி.எஃப். ஃபோர்ஸ் கட்டளையால் நீக்குங்கள். சென்ற ஒத்திகையில் விட்டுச்சென்ற லாக் (பூட்டு) அமைப்பு, இன்றைய டேட்டாவோடு சேர்ந்தால் விபரீதம் விளையும்.

பிறகு டி.பி.2 தொடங்கும்போது கன்சோலில் வரும் டி.எஸ்.என்.ஆர்.004.ஐ. என்ற செய்தியை நிதானமாகப் படியுங்கள். கமிட் ஆகிக்கொண்டிருந்தவை எத்தனை, முடிவு தெரியாத இன்டவுட் எத்தனை, பாதியில் நின்ற இன்ஃப்ளைட் எத்தனை, அபார்ட் ஆகிக்கொண்டிருந்தவை எத்தனை என்று அது எண்ணிச் சொல்லும். இன்ஃப்ளைட் சில இருப்பது இயல்பு, அவற்றை டி.பி.2 தானே திருப்பிவிடும். இன்டவுட் இருந்தால், சி.ஐ.சி.எஸ். அல்லது ஐ.எம்.எஸ். பக்கத்தில் அந்தப் பரிவர்த்தனையின் முடிவு என்ன என்று அறிந்து தீர்க்க வேண்டும். ஊகித்துத் தீர்க்கக் கூடாது.

தொடக்கம் முடிந்ததோடு திருப்தியடையாமல், இமேஜ் காப்பியிலிருந்து ஒரு டேபிள் ஸ்பேஸை ரெகவர் செய்தும் பாருங்கள். 2003 மார்ச்சில் டென்மார்க்கின் டான்ஸ்கே பாங்கில், ஒரு டிஸ்க் சாதனத்தின் மின்சாரப் பகுதியைப் பழுதுபார்க்கும்போது ஏற்பட்ட மின்தடையைத் தொடர்ந்து, டி.பி.2 மென்பொருளில் மறைந்து கிடந்த பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டவே, பாங்கின் வேலை இயல்புநிலைக்குத் திரும்ப ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. டிஸ்க் மீண்டுவிட்டது என்பதாலேயே டேட்டாபேஸும் மீண்டுவிட்டது என்று கொள்ளலாகாது.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- பச்சை விளக்கை நம்புவது. கண்காணிப்புத் திரை "99 சதவீதம் டூப்ளெக்ஸ்" என்று காட்டினால் அந்த எஞ்சிய வால்யூம்கள் எவை என்று கேளுங்கள். அவற்றுள் ஒன்றில் டி.பி.2வின் பி.எஸ்.டி.எஸ். இருக்கலாம்.
- அசிங்க்ரனஸ் தாமதத்தைச் சராசரியில் பார்ப்பது. மாதம் முழுவதும் 4 வினாடி பின்தங்கும் பிரதி, மாத இறுதி பாட்ச் இரவில் இணைப்பின் கொள்ளளவு போதாமல் பல நிமிஷங்கள் பின்தங்கக்கூடும். உச்ச அளவைக் குறித்துக்கொண்டு, அதையே உங்கள் ஆர்.பி.ஓ. என்று அறிவியுங்கள்.
- பாக்கப்பை நிறுத்திவிடுவது. மிரர் வந்துவிட்டதே என்று வாராந்தர டம்ப்பையும் இமேஜ் காப்பியையும் குறைப்பவர்கள் உண்டு. இரண்டாம் எல்லை நேரும் நாளில் அவர்களுக்குப் போக வேறிடம் இராது.
- ஹைப்பர்ஸ்வாப்பைப் பேரிடர் மீட்பாக எண்ணுவது. டிஸ்க் சாதனம் பழுதானால் வேலை நிற்காமல் அடுத்த டிஸ்குக்கு மாறும் அருமையான வசதி அது. கெட்ட டேட்டாவுக்கும், இரண்டு இடத்தையும் தாக்கும் விபத்துக்கும் அதனால் ஆவது ஒன்றுமில்லை.
- கெட்டிக்காரரை வைத்தே ஒத்திகை பார்ப்பது. வழக்கமாகச் செய்பவர் அன்று விடுப்பில் இருக்கட்டும். எழுதி வைத்த கையேட்டை மட்டும் கொண்டு அடுத்தவர் செய்து முடிக்கட்டும். கையேட்டில் விட்டுப்போன வரிகள் அப்போதுதான் தெரியும்.
- வெளியுலகை மறப்பது. நேற்று இரவு 11 மணி நிலைக்குத் திரும்பினால் உங்கள் டேட்டா ஒருமையாகவே இருக்கும். ஆனால் ஏ.டி.எம். கொடுத்த பணமும், மற்ற பாங்குகளுக்கு அனுப்பிய செய்திகளும் திரும்பி வாரா. இடைப்பட்ட பரிவர்த்தனைகளை எங்கிருந்து மீண்டும் பெறுவது, யார் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பதை முன்பே வியாபாரப் பிரிவோடு பேசி முடியுங்கள்.

## விபத்து நாளில் கைக்கொள்ள வேண்டிய ஜாக்கிரதை

1. முதலில் விபத்தின் இனத்தை அறியுங்கள். கட்டடமோ சாதனமோ போயிற்றா, டேட்டா கெட்டதா? முன்னதாயின் மிரர் பிரதி. பின்னதாயின் களஞ்சியப் பிரதி. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியுமுன் எந்த மீட்புக் கட்டளையும் கொடுக்க வேண்டாம்.
2. டேட்டா கெட்டது என்று சந்தேகித்தால், மிரரைத் தற்காலிகமாக நிறுத்துவதை உடனே ஆலோசியுங்கள். அசிங்க்ரனஸ் முறையில் சில வினாடி அவகாசம் மட்டுமே உண்டு என்பதால் அதை நம்பித் திட்டமிட முடியாது. ஆயினும் மேலும் பரவும் சிதைவைத் தடுக்கலாம். ஜோடிகளைத் தனித்தனியாக நிறுத்தாமல் குழு முழுவதையும் ஃப்ரீஸ் செய்யுங்கள்.
3. பிரதியின் திசையை இருவர் சரிபாருங்கள். மிரரை மறுபடி தொடங்கும்போது எது மூலம், எது பிரதி என்பது மாறிப்போனால், பழைய டேட்டா புதிய டேட்டாவின் மேல் எழுதப்பட்டுவிடும். இதற்குப் பரிகாரமே இல்லை. ஒருவர் சாதன எண்ணை உரக்கப் படிக்க, மற்றொருவர் எழுதி வைத்த அட்டவணையோடு ஒப்பிட்டு "சரி" என்று சொன்ன பிறகே எண்டர் பொத்தானை அழுத்துங்கள்.
4. இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் உற்பத்தி ஓடக் கூடாது. மாற்று இடத்தைத் தொடங்குமுன், முதல் இடத்துப் பிராசஸர்கள் ரீசெட் ஆகிவிட்டனவா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.
5. முதல் பிரதியைத் தொடாதீர்கள். மாற்று இடத்து வால்யூம்களை ஃப்ளாஷ்காப்பி செய்து வைத்துக்கொண்டு, பிறகே ஐ.பி.எல். செய்யுங்கள். தொடக்க முயற்சி தோற்றால் திரும்ப வர ஓர் இடம் வேண்டும்.
6. நேரத்தோடு குறித்து வையுங்கள். ஒவ்வொரு கட்டளையும், கொடுத்தவர் பெயரும், கிடைத்த பதிலும் ஒரு காகிதத்தில் ஏற வேண்டும். கன்சோல் லாக் அந்த இரவில் கிடைக்காமற்போகக்கூடும்.

## முடிவாக எழுத வேண்டிய ஒரு பக்கம்

மேற்சொன்ன எட்டுப் படிகளையும் முடித்த பின், ஒரே ஒரு பக்கத்தில் நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று எழுதுங்கள். முதல் பத்தியில் விபத்தின் இனம்: டிஸ்க் சாதனப் பழுது, ஒரு கட்டடத்தின் அழிவு, நகரம் முழுவதையும் பாதிக்கும் அழிவு, புரோகிராம் பிழையால் வந்த சிதைவு, துஷ்டச் செயலால் வந்த சிதைவு. இரண்டாம் பத்தியில், அந்த விபத்தில் எந்தப் பிரதியை எடுப்பது. மூன்றாம் பத்தியில், எவ்வளவு டேட்டா இழக்கப்படும், எத்தனை மணியில் வேலை தொடங்கும். இவை ஒத்திகையில் அளந்த எண்களாக இருக்க வேண்டும், விற்பனைப் பிரசுரத்தில் கண்ட எண்களாக இருக்கக் கூடாது. நான்காம் பத்தியில், முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு, அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார்.

ஐந்து வரிகளில் மூன்றுக்கு மட்டுமே மிரர் பிரதி விடையாக வரும். அவற்றிலும் நகரத்தின் அழிவுக்குத் தொலைதூர அசிங்க்ரனஸ் பிரதி இருந்தால்தான் விடை கிடைக்கும். எஞ்சிய இரண்டு வரிகளுக்கும் களஞ்சியம் வேண்டும். அவ்வரிகள் உங்கள் அட்டவணையில் வெறுமையாக இருந்தால் அவற்றை மறைக்காமல் அப்படியே தலைமையிடம் கொண்டுபோங்கள். மிரரிங்குக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கச் சம்மதித்த நிர்வாகத்துக்கு, அந்தச் செலவு எதை வாங்கியது, எதை வாங்கவில்லை என்று அறியும் உரிமை உண்டு. அதை விபத்துக்கு முன்னரே சொல்லிவிடுவது உங்கள் கடமை. வருஷத்துக்கு இரண்டு முறையும், புதிய டிஸ்க் சாதனமோ புதிய அப்ளிகேஷனோ வரும்போதெல்லாமும் அந்தப் பக்கத்தை எடுத்து, படி 1 முதல் மறுபடி தொடங்குங்கள்.